பல் தேய்ந்த குதிரைக்கு என்ன தீனி? – கால்நடை மருத்துவரின் பதில்கள்

இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் வயது முதிர்ந்த குதிரைகளின் மெலிவைப் பற்றியவை இம்முறை மிகுதியாக இருந்தன. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே அளிக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 24 வயதான கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று உள்ளது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் என் தந்தையார் அதைக் குட்டியாக வாங்கி வந்தார். கடந்த கோடைக்குப் பிறகு அதன் விலா எலும்புகள் வெளியே தெரிகின்றன. தீனியைக் கண்டதும் ஆவலாகத்தான் வருகிறது; ஆனால் மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. வயதாகிவிட்டதால் இனி உடம்பு தேறாது என்கிறார்கள் உறவினர்கள். கொள்ளையும் கோதுமையையும் இரு மடங்காக்கிப் பார்த்தேன். லத்தி இளகியதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?
– வாசகர், பவானி வட்டம்

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 24 வயது என்பது குதிரைக்கு முதுமைதான்; எனினும் நன்கு பேணப்பட்ட குதிரைகள் முப்பதை எட்டுவது அரிதன்று. இங்கிலாந்தில் படகிழுக்கும் பணியில் இருந்த ‘ஓல்ட் பில்லி’ என்ற குதிரை 1760-இல் பிறந்து 1822 வரை, அதாவது 62 ஆண்டுகள், வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. அது விதிவிலக்கு என்றே வைத்துக்கொண்டாலும், வயது மட்டுமே ஒரு குதிரையை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுவதில்லை. வயதோடு சேர்ந்து வரும் ஏதோ ஒரு காரணம் அதைச் செய்கிறது. அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் நம் வேலை. உங்கள் குதிரை அதைத் தானே சொல்லிவிட்டது. பசி இருக்கிறது, வாய்க்குள் தீனியும் போகிறது, ஆனால் மென்று முடிக்க இயலாமல் உருண்டையாக வெளியே வந்து விழுகிறது. பழுது இருப்பது பல்லில்.

குதிரைக்கு 24 கடைவாய்ப் பற்கள் உண்டு. அவை நம் பற்களைப் போல ஒரு முறை முளைத்து நின்றுவிடுபவை அல்ல. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, மெல்லும்போது தேயும் அளவுக்கு ஈடாக ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே தள்ளப்படுகின்றன. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளுக்குப் போதுமானது. அது தீரும் கட்டத்தில், கொத்து தேய்ந்த அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் போல, புல் பல்லுக்கிடையே அரைபடாமல் நழுவுகிறது. இதற்கு முன்பே வேறு கோளாறுகளும் தோன்றிவிடுகின்றன. குதிரையின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. ஆகையால் மேல்வரிசைப் பற்களின் வெளி ஓரமும் கீழ்வரிசைப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் கூர்முனைகளாக வளர்ந்து, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கின்றன. வயதான வாயில் பற்களுக்கிடையே இடைவெளி விழுந்து, அங்கே புல் சிக்கி அழுகி, ஈறு புண்ணாவதும் மிகவும் வலி தரும் ஒன்று. குதிரை வலியை முகத்தில் எளிதில் காட்டுவதில்லை என்பதால், மாதக்கணக்கில் நாம் அதை அறியாமலே இருந்துவிடுகிறோம்.

எனவே தீனியை மாற்றுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரை அழைத்து வாயைச் சோதிக்கச் செய்யுங்கள். உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பார்த்துவிட்டுப் போவது சோதனை ஆகாது. மயக்க ஊசி சிறிதளவு போட்டு, வாய் திறப்புக் கருவியைப் பொருத்தி, வெளிச்சம் பாய்ச்சிக் கடைசிப் பல் வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில்லை. சென்னைப் பக்கத்து வாசகர்களுக்கு வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூர்முனைகளை அரத்தால் ராவி மழுக்குவதும், ஆடிக்கொண்டிருக்கும் பல்லை எடுப்பதும் எளிய சிகிச்சைகளே. ஆனால் முதிய குதிரையின் பல்லில் எஞ்சியிருப்பது சொற்பம் என்பதால், சமன் செய்கிறேன் என்று அதிகமாக ராவிவிடக் கூடாது. இருபது வயதைத் தாண்டிய குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாய்ச் சோதனை தேவை.

இப்போது தீனிக்கு வருகிறேன். நீங்கள் தானியத்தை இரு மடங்காக்கியது பாசத்தால் செய்தது. இருந்தாலும் குதிரையின் குடல் அதற்கு ஏற்றதன்று. உடல் அளவை நோக்க அதன் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனால், அங்கே நாரைப் புளிக்கவைத்துக் குதிரைக்குச் சக்தி தரும் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து அமிலம் பெருகுகிறது. லத்தி இளகுவது அதன் முதல் அறிகுறி. அடுத்து வயிற்று வலியும், அதைவிடக் கொடிய குளம்பு அழற்சியும் வரலாம். சரியாக மெல்லப்படாத தானியம் என்றால் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. ஆகவே முதிய குதிரையின் உடம்பு முதலில் ஏற வேண்டியது புல்லாலும் இலைத்தீவனத்தாலும்தான். அவற்றை அது மெல்லக்கூடிய வடிவில் தருவதே நம் பொறுப்பு.

புல்லை நீளமாகப் போடாதீர்கள். நன்கு உலர்ந்த அருகம்புல்லை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொடுங்கள். உலர்ந்த குதிரை மசாலை (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) இன்னும் பொடியாக நொறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கூழ் பதத்துக்கு ஊறவைத்தால், பல்லே இல்லாத குதிரையும் உறிஞ்சி உண்ணும். குதிரை மசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. முதுகுச் சதை கரையும் முதிய குதிரைக்கு இவ்விரண்டும் வேண்டும். உங்கள் குதிரை ஏறக்குறைய 380 கிலோ இருக்கும் என்று கொண்டால், ஒரு நாளைக்கு உலர் அருகம்புல் 4 முதல் 5 கிலோ, உலர்ந்த குதிரை மசால் 2 கிலோ (பச்சையாக என்றால் எட்டு ஒன்பது கிலோவை அறுத்து வாடவிட்டுத் தர வேண்டும்), கொள்ளு அரைக் கிலோ, நொறுக்கிய ஓட்ஸ் அல்லது பார்லி அரைக் கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம், கல்லுப்பு 30 கிராம் என்பது ஒரு நல்ல தொடக்கம். கோதுமையை நிறுத்திவிடுங்கள். கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது, வேகும்போதுதான் அது அழிகிறது.

இவ்வளவையும் இரண்டு வேளையில் கொட்டிவிடாமல் நான்கு அல்லது ஐந்து வேளையாகப் பிரியுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரப்பதால், வெறும் வயிறு நெடுநேரம் நீடித்தால் இரைப்பைப் புண் உண்டாகும். புண் வந்த குதிரை தீனியை வெறுக்கும். பழைய தீனியிலிருந்து புதியதற்கு மாறுவதைப் பத்துப் பதினைந்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

கேள்வி: எண்ணெய் ஊற்றிக் கொடுத்தால் குதிரை சீக்கிரம் சதை பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா? எந்த எண்ணெய், எவ்வளவு?
– வாசகர், மதுரை

பதில்: உண்மை. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. இருந்தும் கொழுப்பை அது நன்றாகவே செரிக்கிறது. ஒரே எடையுள்ள ஓட்ஸைவிட எண்ணெய் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி தரும். பெருங்குடலில் அமிலத்தையும் பெருக்காது. தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய் என வீட்டில் சமைக்கப் பயன்படுத்தும் எதுவும் ஆகும். காறல் அடித்ததும் வடைச்சட்டியில் காய்ந்து மீந்ததும் ஆகாது. நாளொன்றுக்கு 25 அல்லது 30 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் 150 மில்லி வரை உயர்த்தி, அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கூழ்த்தீனியில் கலந்து கொடுங்கள். லத்தி எண்ணெய்ப் பசையாகவோ இளகியோ வந்தால் அளவைக் குறைத்துவிடுங்கள். நாள்தோறும் இவ்வளவு எண்ணெய் தரும்போது உடலுக்கு வைட்டமின் ஈ கூடுதலாகத் தேவைப்படும். அதைச் சேர்க்கும் அளவை மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள். எண்ணெயில் சக்தி மட்டுமே உள்ளது, புரதமோ தாதுவோ இல்லை. எனவே மெலிந்த குதிரைக்கு எண்ணெயைக் கூட்டிப் புல்லைக் குறைப்பது தவறு.

கேள்வி: உதகையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த மட்டக்குதிரை ஒன்றை, இனி வேலை வாங்க வேண்டாம் என்று நாங்கள் வாங்கி வளர்க்கிறோம். வயது இருபதுக்கு மேல் என்கிறார்கள். இங்கே கேரட் மலிவு. தினமும் ஐந்தாறு கிலோ கேரட்டும், கடைகளில் மீந்த ரொட்டியும் போடுகிறோம். ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் உடல் இறங்கிவிடுகிறது. தீனி போதவில்லையா, குளிரா?
– வாசகி, உதகமண்டலம்

பதில்: இரண்டும்தான் அம்மா. கேரட்டில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஐந்து கிலோ கேரட்டை அது தின்று முடித்தாலும், உலர்ந்த பொருளாக அதன் உடலில் சேர்வது அரைக் கிலோவை ஒட்டியதே. கேரட்டை விரும்பித் தின்பதால் வயிறு நிறைந்ததாக நமக்குத் தோன்றுகிறது. எடைக்கு அது உதவாது. நாளைக்கு ஒரு கிலோவோடு நிறுத்தி, அதையும் வட்டமாக நறுக்காமல் நீளவாட்டில் கீறியோ துருவியோ கொடுங்கள். வட்டத் துண்டுகளைப் பல்லற்ற குதிரை மெல்லாமல் விழுங்கினால் அவை உணவுக்குழாயை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த குதிரை கழுத்தை நீட்டி இருமும். மூக்கு வழியே எச்சிலும் தீனியும் ஒழுகும். அந்நேரத்தில் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ள முயல்வது நுரையீரலுக்குள் நீரை அனுப்பிவிடும். தீனியையும் தண்ணீரையும் அகற்றிவிட்டு, தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ரொட்டியை அறவே விட்டுவிடுங்கள். அதில் இருப்பது மாவுச்சத்து. வாய்க்குள் பசையாகத் திரண்டு அதுவும் அடைக்கக் கூடியது. மேலும் மட்டக்குதிரைகளுக்கு இயல்பாகவே குளம்பு அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல்.

இனிக் குளிர். குதிரையின் பெருங்குடலில் நார் புளிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. குளிர்நாளில் அதன் உடம்பைச் சூடாக வைத்திருப்பது அந்த வெப்பமே. எனவே பனி இரவுகளில் கூட்ட வேண்டியது தானியத்தை அன்று, நறுக்கி ஊறவைத்த உலர்புல்லை. மாலையில் கடைசியாகப் போடும் புல் விடியும் வரை தொட்டியில் இருக்க வேண்டும். காற்றும் மழையும் படாத கொட்டிலும், இரவில் உலர்ந்த கம்பளமும் இருந்தால், உடல் சூட்டுக்காகக் கரையும் கொழுப்பு மிச்சமாகும். நனைந்த கம்பளத்தைப் போர்த்துவது போர்த்தாமல் விடுவதைவிடக் கேடானது. மற்றொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால், பல் கூசும் முதிய குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். நீர் குறைந்தால் குடலில் தீனி இறுகி வயிற்று வலி வரும். அடுப்பில் காய்ந்த நீரைக் கலந்து வெதுவெதுப்பாக வையுங்கள். இவ்வளவு சிறிய வேலையால் எத்தனையோ வயிற்று வலிகள் தடுக்கப்படுகின்றன.

கேள்வி: பசுக்களுக்கென்று பயிரிட்ட கோ-5 ஒட்டுப்புல்லைத்தான் எங்கள் வயதான குதிரைக்கும் போடுகிறோம். அதோடு அரிசித் தவிடும் கோதுமைத் தவிடும் தருகிறோம். உடல் மெலிவதோடு, முகத்தின் இரு பக்கமும் எலும்பு வீங்கினாற்போல் இருக்கிறது, நடையும் தளர்ந்துவிட்டது. மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ சேர்த்தால் தேறுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கவலை கொண்டேன், தாமதம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் விவரிப்பது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் எலும்பு நோயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. உங்கள் கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றில் ஆக்சலேட் என்னும் பொருள் உள்ளது. பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுவதால் பசுவுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. குதிரையிலோ, புல்லில் உள்ள சுண்ணாம்பைச் சிறுகுடலில் உறிஞ்சவிடாமல் ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் நீங்கள் தரும் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைக் காப்பதற்காக உடல் எலும்பையே கரைக்கிறது. கரைந்த இடத்தில், முதன்மையாகத் தாடையிலும் முகத்திலும், நார்த்திசு வளர்ந்து முகம் பெருக்கிறது. தாடை எலும்பு நலிந்தால் பல் ஆட்டம் காணும், மெல்லும்போது வலிக்கும், அதனால் மெலிவு. பல நாடுகளில் குதிரைகளைத் தவிடு கெடுத்திருக்கிறது.

குதிரையின் மொத்தத் தீனியில் பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து குறையவே கூடாது. ஒன்றரை, இரண்டு மடங்கு வரை இருப்பது நல்லது. ஒட்டுப்புல்லை நிறுத்தி, அருகம்புல்லுக்கும் குதிரை மசாலுக்கும் மாறுங்கள். தவிட்டை ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். அரிசித் தவிடு அரைத்த சில நாட்களிலேயே காறிப்போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்தை மருந்தாக எவ்வளவு தர வேண்டும் என்பதை மருத்துவர் இரத்தச் சோதனைக்குப் பின் முடிவு செய்வார். சிறுநீரகம் தளர்ந்த முதிய குதிரைக்குச் சுண்ணாம்பு மிகுந்தாலும் கேடு என்பதால், சோதிக்காமல் நீங்களாகவே வாரி வழங்க வேண்டாம்.

கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம். கோழிகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் மோனென்சின் போன்ற மருந்துகள் கலக்கப்படுவது உண்டு. கோழிக்குக் காப்பான அதே மருந்து, குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் அது இருக்கலாம். மூட்டையைத் திறந்து வைத்த இடத்தில் குதிரை தானாகப் போய் மேய்ந்துவிடாதபடி பூட்டி வையுங்கள். இளஞ்சோளப் பயிரும் குதிரைக்கு ஆகாது. அதை மேய்ந்த குதிரைகளுக்குப் பின்னங்கால் தள்ளாட்டமும் சிறுநீர்ப்பை நோயும் வருவது அறியப்பட்டதே. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும். முதிய குதிரையின் கல்லீரல் அதைத் தாங்காது. வைக்கோலைப் படுக்கையாகப் போடுங்கள். தீனியாக அது பெயருக்குத்தான்.

கேள்வி: எடை போடும் மேடை இல்லாமல் குதிரையின் எடையை எப்படிக் கண்டறிவது?
– வாசகர், திருச்சி

பதில்: தையற்காரரின் நாடா போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டை (கழுத்து முதுகோடு சேரும் மேடு)ச் சுற்றி மார்பளவை எடுங்கள். அடுத்து தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பின்தொடையின் கடைமுனை வரை உடல் நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். மார்பளவை மார்பளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். மார்பளவு 170, நீளம் 150 என்றால் எடை ஏறக்குறைய 365 கிலோ. இது தோராயமே, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ஆள், அதே நேரத்தில் அளந்து குறித்துவந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தவறாமல் தெரியும்.

எண்ணோடு கையும் வேண்டும். 1983-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னிக்கி வகுத்த முறைப்படி, கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். 1 என்பது எலும்புக்கூடு, 9 என்பது மிகுகொழுப்பு. விலா கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு எளிதில் தட்டுப்படுவது 5. முதிய குதிரைக்கு 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் போதும். நீண்ட ரோமம் மெலிவை மறைக்கும். பெருத்த வயிறு ஏமாற்றும். ஆகையால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றைச் செங்கல்பட்டுக்கு அருகில் எங்கள் பண்ணையில் வைத்திருக்கிறோம், இப்போது வயது 19. நன்றாகத் தின்கிறது, பல் மருத்துவமும் செய்தாயிற்று. இருந்தும் முதுகுச் சதை வற்றி, வயிறு தொங்குகிறது. சித்திரை வெயிலிலும் ரோமம் உதிராமல் நீளமாகவே இருக்கிறது. தண்ணீரும் மிகுதியாகக் குடிக்கிறது. வெல்லம் கலந்து தானியம் கூட்டலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வெல்லத்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் ஒன்றுசேரும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறு என்றே முதலில் ஐயுற வேண்டும். குஷிங் நோய் என்று பரவலாக அழைக்கப்படும் இது, 15 வயதைக் கடந்த குதிரைகளில் அடிக்கடி காணப்படுவதாகும். இரத்தத்தில் ஏ.சி.டி.எச். என்ற சுரப்புநீரின் அளவைச் சோதித்து உறுதி செய்யலாம். பெர்கோலைடு என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்துவந்தால் கட்டுக்குள் வைக்கலாம், முற்றிலும் குணமாவதில்லை.

இந்நோயுள்ள குதிரைகள் பலவற்றில் இன்சுலின் சரிவர வேலை செய்யாது. சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்தால் குளம்பு அழற்சி தோன்றி, நிற்கவே இயலாத நிலை வரும். எனவே தானியத்தையும் வெல்லத்தையும் கரும்புத் தோகையையும் விலக்கிவிட்டு, உலர்புல்லை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புல்லை மட்டும் கொடுங்கள். புல்லிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். எடைக்கு எண்ணெயை நம்பலாம். முதுகுச் சதைக்கு நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் சோயாப் புண்ணாக்குச் சேருங்கள். தசை வளர்ச்சிக்குத் தேவையான லைசின் என்ற புரதக்கூறு அதில் நன்கு அமைந்துள்ளது. சென்னை வெயிலில் அந்த ரோமத்தோடு அது படும் துன்பம் பெரிது, கத்தரித்து விடுங்கள். தண்ணீர் மிகுதியாகக் குடிப்பது நோயின் விளைவு என்பதால், தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது.

கேள்வி: கொட்டிலில் மூன்று குதிரைகள். முதியதன் தீனியை இளையவை பறித்துத் தின்கின்றன. தனியே கட்டினால் கனைத்துக்கொண்டே நிற்கிறது, தின்பதில்லை. என்ன வழி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பார்வைக்கு மறைக்காமல் தனியே கட்டுங்கள். இடையில் ஒரு மூங்கில் தடுப்பு போதும். துணையை அது பார்த்துக்கொண்டே தின்னட்டும். முதிய குதிரை மெதுவாகத்தான் மெல்லும். ஒரு வேளைத் தீனிக்கு ஒன்றரை மணி நேரமாவது தடுப்பு இருக்கட்டும்.

கேள்வி: சாலையோரம் கைவிடப்பட்ட, எழவே சிரமப்படும் முதிய குதிரை ஒன்றை அழைத்து வந்துள்ளோம். வயிறார உணவளித்துச் சீக்கிரம் தேற்ற விரும்புகிறோம்.
– இளைஞர் குழு, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மனத்தை வணங்குகிறேன், ஆயினும் இந்தக் குதிரையை முதல் வாரத்தில் கொல்லக்கூடியது அந்த வயிறார உணவே. நெடுநாள் பட்டினியில் உடல் தன் தாதுக்களைச் செலவழித்துவிட்டிருக்கும். திடீரென்று தானியமோ சோறோ உள்ளே போனால் இன்சுலின் எழும்பி, இரத்தத்தில் எஞ்சியுள்ள பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் செயலிழந்து, தின்னத் தொடங்கிய சில நாட்களில் குதிரை விழுந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் பட்டினிக் குதிரைகளை ஆராய்ந்து, குதிரை மசாலைச் சிறு அளவில் அடிக்கடி தருவதே தகுந்த தொடக்கம் என்று கண்டனர். அதில் மாவுச்சத்துக் குறைவு, புரதமும் தாதுவும் கூடுதல். முதல் மூன்று நாட்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஊறவைத்த உலர் குதிரை மசாலை அரைக் கிலோவுக்குள் கொடுங்கள். பத்து நாட்களில் படிப்படியாக உயர்த்தி, அதன் பிறகே அருகம்புல்லைத் தாராளமாகப் போடுங்கள். தானியமும் எண்ணெயும் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கட்டும். தண்ணீரைத் தடுக்காதீர்கள்.

இதற்கிடையே மருத்துவர் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, சர்ரா. இரத்தம் உறிஞ்சும் ஈக்கள் பரப்பும் இந்நோயில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும்; இரத்தம் வெளுத்து, அடிவயிறும் கால்களும் வீங்கும்; எவ்வளவு தின்றாலும் உடல் தேறாது. இரண்டு, குடற்புழு. லத்தியைச் சோதித்து மருந்தைத் தேர்வு செய்ய வேண்டும். எழ முடியாத குதிரைக்கு முதல் நாளே கடுமையான புழு மருந்தைக் கொடுக்கலாகாது, மருத்துவர் சொல்லும் நாள்வரை பொறுத்திருங்கள். மூன்று, கிளாண்டர்ஸ். மூக்கில் சீழும் தோலில் கட்டிகளும் தோன்றும் இந்நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், இரத்தச் சோதனை முடிவு வரும்வரை குதிரையை மற்ற குதிரைகளிடமிருந்து விலக்கி, தனி வாளியும் தனித் தொட்டியும் வைத்து, கையுறை அணிந்தே தொடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. உங்களுக்கு அது அருகில்தான். படுத்தபடியே கிடந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள், இல்லையேல் அழுத்தத்தால் தசை சாகும். உடல் திரும்பச் சில மாதங்கள் ஆகும். முதல் மாதத்தில் நாடா அளவு ஏறாவிட்டாலும், இறங்காமல் நின்றாலே சிகிச்சை சரியாகப் போகிறது என்று கொண்டு மேலே சொன்ன முறையிலேயே தீனியைத் தொடருங்கள்.